மனைவி பெயரில் இரண்டு பாத்தோக் வயல்

3 மே 2025, இரவு 9.40 (கேள்வி)

இந்தோனேசியாவில், புர்வகார்த்தாவில் நூற்பாலை வேலை, ஒன்பது வருஷம். மனைவி ஜாவாக்காரி, ஊர் க்ளாத்தென் பக்கம். அங்கே இரண்டு பாத்தோக் (இங்கத்து வயல் அளவு) நெல்வயல் விலைக்கு வருகிறது. விற்பவரிடம் சர்டிபிகேட் இல்லை. லெத்தர் சே என்று ஊர் அலுவலகப் பதிவு ஒன்று இருக்கிறது, ஊர்த் தலைவர் கையெழுத்துப் போடுவார், அது போதும் என்கிறார்கள். சின்ன ஊர், பாதிப் பேர் சொந்தக்காரர்கள், யாரும் ஏமாற்ற மாட்டார்கள். பணம் என்னுடையது, பெயர் அவளுடையது. இப்படி யாராவது வாங்கியிருக்கிறீர்களா? சொந்த ஊர் மாதிரிப் பழகுகிற இடத்தில் பத்திரம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

3 மே 2025, இரவு 11.15 (பதில்)

வாங்காதீர்கள். விவரம் நாளை.

4 மே 2025

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. இப்போது காரணம்.

நானும் மில் ஆள்தான். சோலோ பக்கம் ஸ்பின்னிங் மெயின்டனன்ஸ். 2009இல் கல்யாணம், 2014 முதல் மனைவியின் ஊரில், மாமியார் வீட்டில் வாசம். தெலாங்குக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம்.

ஹாக் மிலிக் என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். 1960ஆம் வருஷ நிலச் சட்டம், 21ஆம் பிரிவு. வெளிநாட்டுக்காரன் பணத்தைப் போட்டு இன்னொருவர் பெயரில் வாங்கினால் 26ஆம் பிரிவின்படி கிரயமே செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த காசும் திரும்பாது. என் மனைவி இந்தோனேசியர்தானே என்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் சொத்துப் பிரிவு ஒப்பந்தம் எழுதினீர்களா? எழுதாவிட்டால் அவர் வாங்குவதில் பாதி உங்களுடையது என்று கணக்கு. ஒரு வருஷத்துக்குள் கைமாற்றியாக வேண்டும். நாங்கள் எழுதவில்லை. அப்போது எங்கள் கவலையெல்லாம் கோயிலில் எத்தனை நாற்காலி போடுவது என்பதுதான். நீங்களும் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே போச்சு.

5 மே 2025

"போச்சு" என்றது தவறு. என் மனைவி படித்துவிட்டுத் தலையில் தட்டினாள்.

2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜப்பான்காரரைக் கட்டிய ஒரு பெண் அடுக்குமாடி வீடு வாங்க முடியாமல் போட்ட வழக்கு. அதற்கு அப்புறம் கல்யாணமான பிறகும் ஒப்பந்தம் எழுதலாம் என்றாயிற்று. நோட்டரியிடம் எழுதி, கல்யாணம் பதிவான இடத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நாங்கள் 2018இல் செய்தோம். ஒன்பது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு உன்னுடையது உன்னுடையது, என்னுடையது என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து சோத்தோ சூப் சாப்பிட்டோம். "இப்போ யார் காசு கொடுக்கிறது, மாஸ்?" என்றாள். மாஸ் என்பது இங்கே கணவனைக் கூப்பிடுகிற சொல். நான்தான் கொடுத்தேன்.

5 மே 2025, மாலை

இன்னொன்று. உங்கள் மனைவியின் அடையாள அட்டையில் எந்த ஊர்? புர்வகார்த்தா என்றால் க்ளாத்தெனில் அவர் வயல் வாங்கவே முடியாது. வயலுக்குச் சொந்தக்காரர் அந்த வட்டாரத்திலோ ஒட்டிய வட்டாரத்திலோ குடியிருக்க வேண்டும். 1961ஆம் வருஷ விதி. ஊரில் இல்லாத பண்ணையார்களை ஒழிக்க வந்தது. இன்று ஜகார்த்தாவில் ஆபீஸ் போகிற பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது. அதையும் அட்டையில் விலாசத்தை மாற்றித் தாண்டிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

11 மே 2025

லெத்தர் சே என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஊர் அலுவலக அலமாரியில் இருக்கிற பழைய நிலவரிப் புத்தகம். யார் எந்தத் துண்டுக்கு வரி கட்டினார் என்று டச்சுக்காரன் காலத்து வழக்கப்படி எழுதி வருவது. அதிலிருந்து வீட்டுக்கு வருகிற சீட்டை கிரிக் என்பார்கள். வரி கட்டியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். சொந்தம் என்பதற்கு அது ஒரு சாடை, பத்திரம் அல்ல. நம் ஊர் சிட்டா அடங்கலை வைத்துக்கொண்டு கிரயம் பேசுகிற மாதிரி. அந்தச் சாடைக்கும் இப்போது நாள் குறித்தாகிவிட்டது. 2021ஆம் வருஷத்து 18ஆம் எண் அரசாணைப்படி இந்தப் பழைய தாள்களையெல்லாம் ஐந்து வருஷத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். கெடு 2026 பிப்ரவரி 2.

அப்புறம் பாத்தோக். பாத்தோக் என்றால் எல்லைக்குச்சி. அதுவே வயலின் அளவுக்கும் பெயர். எங்கள் பக்கம் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர், அரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாத்தோக்குக்குப் பாத்தோக் மாறும். "இரண்டு பாத்தோக்" என்று உங்களிடம் சொன்னவர் எத்தனை சதுர மீட்டர் என்று சொன்னாரா?

வயலுக்கு இங்கே சாவா என்று பெயர். வந்த புதிதில் மாமனார் என்னைக் கூப்பிட்டு "சாவா போகலாம்" என்றபோது உள்ளுக்குள் ஒரு நிமிஷம் நடுங்கினேன்.

12 மே 2025

வருமானம் என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு. மாமியாரின் ஒரு பாத்தோக்கை வாரத்துக்கு விட்டிருக்கிறோம். பாதிக்குப் பாதி, மாரோ என்பார்கள். உழுபவருக்கு மூன்றில் ஒன்று என்றால் மெர்தெலு. எங்கள் ஊற்றுத் தண்ணீர் வற்றாது, மூன்று போகம். போகத்துக்கு 1,100 கிலோ ஈரநெல் வந்தால் நல்ல விளைச்சல். இந்த ஜனவரியிலிருந்து அரசு விலை கிலோ 6,500 ரூபியா. மொத்தம் 71 லட்சத்து 50 ஆயிரம், எங்கள் பாதி 35 லட்சத்து 75 ஆயிரம் ரூபியா. லட்சம் என்றதும் கண்ணை விரிக்காதீர்கள். இந்தியக் காசில் 19,000க்குக் கீழே, நாலு மாதத்துக்கு. அதில் உரத்தில் எங்கள் பங்கு போகும், எலி தின்றது போகும்.

வார ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி ஊர்த் தலைவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், நஞ்சைக்குக் குறைந்தது மூன்று வருஷம் என்று 1960லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பதினொரு வருஷத்தில் அப்படி எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வாரக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். அதுதான் ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று என்பதற்கு அடையாளம்.

14 மே 2025

"அப்படியென்றால் நான் சொன்னதுதானே, பழக்கம்தான் பத்திரம்" என்று கேள்வி கேட்டவர் மடக்கியிருக்கிறார். பாதி சரி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2 ஜூன் 2025

யோசித்தேன். அறுவடை வேலையும் வந்துவிட்டது.

இங்கே சொத்து என்பதற்கு ஓரம் மங்கலாக இருக்கும். வயல் ஒருவருடையது, ஆனால் வரப்புப் புல் யாரும் அறுக்கலாம். மாடு வைத்திருப்பவர் சாயங்காலம் அரிவாளோடு கிளம்பினால் எந்த வயல் வரப்பிலும் இறங்குவார். அறுத்து முடித்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதற்கு ங்காசாக் என்று பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், தடுத்தால் ஊர் காறித் துப்பும். தாராவை மேய்க்கிறவர்கள் நூறு இருநூறு வாத்தை இறக்கிவிடுவார்கள், இரண்டு நாள் கழித்து முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள். இரவில் விலாங்கு பிடிக்கிறவன் யாரையும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கொஞ்சமாவது நெல் இருக்கும், அதனால் திருட்டு இல்லை, அதனால் பத்திரத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இதைத்தான் நீங்கள் "எல்லாரும் சொந்தக்காரர்கள்" என்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

3 ஜூன் 2025

நேற்று எழுதியதைச் சாப்பாட்டின்போது மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "யார் வீட்டில் நெல் இருக்கும்?" என்றாள். விரல் விட்டு எண்ணினோம். எங்கள் தெருக்குழுவில் 38 வீடு. வயல் உள்ளவை 11. மீதி 27 வீட்டில் வாரம், கூலி, கொத்து வேலை, தையல் ஃபேக்டரி, ஜகார்த்தாவில் பிள்ளை. பதினொரு வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு நான் எண்ணிப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் நான் உட்கார்ந்து டீ குடிப்பது அந்த 11 திண்ணைகளில்.

வரப்புப் புல் விஷயமும் முழுக்கச் சரியில்லை. யானைப்புல் நட்டு வளர்த்திருந்தால் அது நட்டவருடையது. அதைத் தெரியாமல் அறுத்த என் மைத்துனர் பையன் இரண்டு வாரம் அந்த வழியே போகவில்லை.

"அதனால் திருட்டு இல்லை" என்றதையும் அழிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா தொங்கும். அதில் முன்பு ஒரு பிடி அரிசி, இப்போது 500 ரூபியாக் காசு. ராக்காவல் போகிற குழு எடுத்துப் போகும். ஜிம்பிதான் என்பது இதுதான். காசு வசூல் ஊர்ப் பொதுச்செலவுக்கு ஆகும். அதைவிடப் பெரிய லாபம், நடுராத்திரியில் ஆறு பேர் எல்லா வீட்டு வாசலிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை என் முறை. திருட்டு இல்லாத ஊருக்கு எதற்கு ராக்காவல்?

9 ஜூன் 2025

அறுவடை முடிந்தது. நாலு மணிநேரம். ஒரு காலத்தில் பெண்கள் அனி-அனி என்கிற சின்னக் கத்தியை விரலிடுக்கில் வைத்துக் கதிர் கதிராக அறுத்தார்கள். அறுத்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு, பாவோன். பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று என்று ஊருக்கு ஊர் மாறும். யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. 1970களில் புது ரக நெல் வந்தது, குட்டையாகவும் ஒரே நாளில் பழுப்பதாகவும். கூடவே அரிவாள் வந்தது, நிற்கிற பயிரை மொத்தமாக விலை பேசுகிற பெனெபாஸ் வந்தார். வயல்காரர் பெனெபாஸுக்கு விற்றுவிட்டால் பங்கு கொடுக்க மாட்டேன் என்று யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை, அவர் தன் ஆட்களோடு வருவார். இப்போது அவர் மெஷினோடு வருகிறார்.

மெஷின் போன பிறகு மூன்று பாட்டிகள் ங்காசாக்குக்கு வந்தார்கள். கடைசித் துணுக்கு வரை உறிஞ்சிவிட்டுப் போயிருந்தது. ஒருத்தி என்னிடம் "மெஷினுக்குப் பசி அதிகம், பாக் (ஐயா)" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. பொறுக்கினால் அவள் உழைப்பு, நான் கொடுத்தால் பிச்சை. இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

29 ஜூன் 2025

பதில் போடாததற்குக் காரணம் கல்யாணங்கள். ஜாவாக் காலண்டரின் பெசார் மாதத்தில் 14 அழைப்பு. வெள்ளிக்கிழமை அடுத்த மாதமான சுரோ பிறந்துவிட்டது, சுரோவில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பர்ஸ் மூச்சு விடுகிறது.

ஒரு கல்யாணத்துக்கு 50,000 ரூபியா மொய். 14 கல்யாணத்துக்கு 7 லட்சம். மேலே எழுதிய 35 லட்சத்தில் ஐந்தில் ஒன்று போய்விட்டது. மாமியார் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யார் எப்போது எவ்வளவு, 1990களில் எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய். எனக்குத் தெரிந்து வீட்டில் பூட்டி வைக்கிற ஒரே காகிதம் அதுதான். வரிச் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும்.

காசு மட்டும் இல்லை, ரெவாங் போக வேண்டும். கல்யாண வீட்டில் மூன்று நாள் பெண்கள் சமையல், ஆண்கள் பந்தல், இளவட்டங்கள் தட்டு ஏந்துவது. எனக்கு முதல் ஐந்து வருஷம் நாற்காலி அடுக்குகிற வேலை. இப்போது டீ ஊற்றுகிற இடத்துக்கு உயர்ந்திருக்கிறேன்.

30 ஜூன் 2025

அரிசான் பற்றிக் கேட்டவருக்கு: அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீட்டு. குலுக்கல் சீட்டு. ஆனால் சோயாவை இங்கே கெடெலே என்கிறார்களே, அந்தச் சொல் நம் கடலைதான்.

17 ஆகஸ்ட் 2025

நேற்று இரவு திராகாத்தான். சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி தெருக்குழு மொத்தமும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவது. இந்த வருஷம் 80ஆவது, கொஞ்சம் தடபுடல். பெரியவர்களை அந்தக் கால நினைவுகள் சொல்லச் சொன்னார்கள். இந்த இழைக்காகப் படித்ததெல்லாம் தலையில் நின்றிருந்தது. நான் பாட்டுக்கு, 1964இல் நம் க்ளாத்தெனில்தானே நிலச் சீர்திருத்தம் நடக்கவில்லை என்று குத்தகைக்காரர்கள் தாங்களே வயலில் இறங்கினார்கள், நம் ஊரிலும் உண்டா என்று கேட்டுவிட்டேன்.

ஒருவரும் பேசவில்லை. யாரோ வேர்க்கடலைத் தட்டை நகர்த்தினார்கள். தெருக்குழுத் தலைவர் நாளைக்கு மூட்டை ஓட்டப் பந்தயம் எத்தனை மணிக்கு என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வரும்போது மனைவி சொன்னாள், அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்களில் 1965 கடைசியில், கம்யூனிஸ்ட் வேட்டையில், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை என்று. கூட்டிக்கொண்டு போனவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதே பாயில் இருந்தார்கள். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அடையாள அட்டையில் ஈ.டி. (முன்னாள் அரசியல் கைதி) என்று இரண்டெழுத்து போட்டிருந்தார்களாம், அரசு வேலை, எதுவும் கிடையாது. நான் எழுதினேனே, "நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை, டீ குடிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள்" என்று. அதைப் பெரிய பண்பாடு மாதிரி எழுதியிருந்தேன்.

19 ஆகஸ்ட் 2025

அந்த இரண்டு குடும்பங்களைப் பற்றி மேலும் கேட்காதீர்கள். எழுத மாட்டேன்.

24 செப்டம்பர் 2025

இன்று விவசாயிகள் தினம். 1960இல் இதே நாளில்தான் அந்த நிலச் சட்டம் வந்தது. இன்னொரு சட்டம் அதே வருஷக் கடைசியில் வந்தது, ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் இருக்க வேண்டும், அதற்குக் கீழே துண்டாக்கி விற்கக்கூடாது என்று. வாரிசுப் பிரிவினைக்கு மட்டும் விலக்கு. அந்த ஒரு விலக்கு போதுமே. 2023 விவசாயக் கணக்கெடுப்பில் அரை ஹெக்டேருக்கும் கீழே வைத்திருக்கிறவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 69 லட்சம் குடும்பங்கள்.

ஒத்திக்கும் அதில் விதி இருக்கிறது. ஏழு வருஷம் ஒத்தியில் அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமல் வயலைத் திருப்பிவிட வேண்டும். அருமையான விதி. எங்கள் பின்வீட்டுக்காரர் வயல் 11 வருஷமாக ஒத்தியில் இருக்கிறது. சட்டத்தைச் சொன்னேன். "அப்படித் திருப்பி வாங்கினால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு யாரிடம் போய் நிற்பேன்?" என்றார். ஒத்தி பிடித்திருப்பவர் அவருடைய சகலை.

25 செப்டம்பர் 2025

கூலி என்றால் நிலமில்லாதவர்தானே என்று ஒரு நண்பர் கேட்கிறார். ஜாவாவில் அது தலைகீழ். வயலும் வீட்டு மனையும் உள்ள முழு உரிமைக்காரருக்குத்தான் இங்கே பழைய நாளில் கூலி கெஞ்செங் என்று பெயர். நிலம் இருந்ததால் ராஜாவுக்கும் ஊருக்கும் உழைப்பு வரி செலுத்த வேண்டியவர் அவர். நிலமில்லாதவருக்கு அந்தக் கௌரவமும் இல்லை, சுமையும் இல்லை. சுல்தான் சமஸ்தானக் காலத்தில் க்ளாத்தென் வயல்களில் பாதியைப் புகையிலைத் தோட்டக்காரன் முறை மாற்றி எடுத்துக்கொள்வான், மீதிப் பாதியில் நெல். கூலி என்ற சொல் தமிழிலிருந்து போனது என்று நான் வழக்கமாகப் பெருமை அடித்துக்கொள்வேன். குஜராத்துக் கோலிகளிடமிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சண்டைக்கு வரவில்லை. சுருட்டு மட்டும் நம்முடையது, செருத்து என்கிறார்கள்.

26 செப்டம்பர் 2025

திருத்தம்: சுல்தான் அல்ல, க்ளாத்தென் இருந்த சுராகார்த்தாவில், அதாவது சோலோவில், சுசுஹூனான். சுல்தான் யோக்யாவில். இதை சோலோக்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தால் டீ ஊற்றுகிற வேலையும் போயிருக்கும்.

18 அக்டோபர் 2025

இப்போது என் சொந்தக் கதை. மே மாதமே எழுதியிருக்க வேண்டும். "வாங்காதீர்கள்" என்று ஒரே வரியில் கத்தியதற்குக் காரணம் இதுதான்.

மாமியாருக்கும் அவருடைய அண்ணனுக்கும், பாக்டே என்று கூப்பிடுவோம், அப்பா வழியில் ஆளுக்கொரு பாத்தோக். ஜாவாவில் ஆணுக்கு ஒரு காவடிச் சுமை, பெண்ணுக்கு ஒரு முதுகுச் சுமை, அதாவது இரண்டுக்கு ஒன்று என்று ஒரு வழக்கு உண்டு. இவர்கள் வீட்டில் சமமாகவே பிரித்தார்கள். வாயால் பிரித்தார்கள். நாற்பது வருஷமாக அவரவர் வயலை அவரவர் அனுபவிக்கிறார்கள், ஒரு சொல் சண்டை இல்லை. உங்கள் கனவு ஊர்.

பிறகு சோலோ–யோக்யா டோல் ரோடு வந்தது. பாக்டேயின் வயல் முழுக்க அதில் போனது. சந்தை விலைக்கு மேலேயே நஷ்ட ஈடு. கணக்கில் போடத் தாளைக் கேட்டார்கள்.

லெத்தர் சேயில் தாத்தாவின் பெயர் ஒன்று. வரிச் சீட்டில் இன்னொன்று. கல்லறையில் மூன்றாவது. மூன்றும் அவர்தான். ஜாவாவில் ஆண்பிள்ளைக்குச் சின்ன வயசுப் பெயர் ஒன்று, கல்யாணமானதும் பெரிய பெயர் ஒன்று வைத்துக்கொள்வார்கள். ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு புனிதர் பெயரும் முன்னால் சேர்ந்துகொண்டது. கார்த்தோ என்று தொடங்கும் பெயர் எங்கள் ஊர்க் கல்லறையில் குறைந்தது பத்து இருக்கும், எந்தக் கார்த்தோ? மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கத் திரித்துவம் போதித்த பாதிரியாராலும் முடியாது என்று பாக்டே சொல்வார்.

வாரிசு யார் என்று தீராததால் பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது. யாருக்கும் கிடைக்காமல், வட்டியும் இல்லாமல் அங்கே கிடந்தது. தவறு ஆபீஸ் மேல் இல்லை, தாத்தா மேல்தான். இதற்குள் நாங்கள் கேள்விப்படாத ஒரு சித்தப்பா வழிக் குடும்பம் சுமத்ராவிலிருந்து வந்து, எங்களுக்கும் அதில் உண்டு என்றது. இடமாற்றுத் திட்டத்தில் லம்புங் போனவர்கள். வயலாக இருந்தவரை யாரும் வரவில்லை என்று பாக்டே குமுறினார். என் மாமியார் அவர்களுக்குச் சாப்பாடு போட்டு இரண்டு நாள் வீட்டில் தங்கவைத்தார். இரண்டாம் நாள் இரவு அந்த மொய் நோட்டை எடுத்தார். 1993இல் தாத்தா இறந்தபோது அந்தக் குடும்பம் அனுப்பிய மணியார்டர், அதில் எழுதியிருந்தது. அதாவது அவர்கள் சொந்தம்தான், பொய்யில்லை. மாமியாரே தன் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்து, ஊர் அலுவலகத்தில் மூன்று பெயரும் ஒருவரே என்று கடிதம் வாங்கி, எல்லாரும் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, பணம் வெளியே வர ஒன்றே முக்கால் வருஷம். பாக்டே என் மாமியாரோடு ஒரு ரமலான் முழுக்கப் பேசவில்லை. நாங்கள் கத்தோலிக்கர், பாக்டே மனைவி வழியில் முஸ்லிம், ஆனால் பெருநாளுக்கு மன்னிப்புக் கேட்பது எல்லாருக்கும் பொது. அன்று வந்தார்.

19 அக்டோபர் 2025

"அப்படியானால் மொய் நோட்டு பத்திரத்தை விட பலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை ஐயா. பத்திரம் இருந்திருந்தால் நோட்டை எடுக்கவே வேண்டியிருக்காது. ஆனால் பத்திரம் இருந்திருந்தால் சுமத்ராக்காரர்களுக்குப் பத்துப் பைசா போயிருக்காது என்பதும் உண்மை. எது நியாயம் என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

8 டிசம்பர் 2025

ஊர்த் தலைவர் கையெழுத்தைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். அவர் கையெழுத்து கிரயம் ஆகாது. கிரயம் எழுத அதிகாரம் பெற்ற அதிகாரி முன்னால்தான் எழுத வேண்டும், வட்டார அதிகாரிக்கும் சில இடங்களில் அந்த அதிகாரம் உண்டு. வாங்குபவர் 5 சதவீதம், விற்பவர் 2.5 சதவீதம் வரி. "வரி மிச்சம்" என்பதற்காகத்தான் உங்களை லெத்தர் சேயோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். ஊர்த் தலைவருக்கு மாதச் சம்பளம் 24 லட்சத்து 26 ஆயிரத்து 640 ரூபியாவுக்குக் குறையக்கூடாது என்று 2019இல் விதி போட்டார்கள். மேலே மானிய நிலம், பெங்கொக், பதவியில் இருக்கும்வரை அனுபவிக்கலாம். போன வருஷத்துச் சட்டத்தில் பதவிக்காலம் எட்டு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் தகராறு அதைவிட நீளமாக ஓடும்.

9 டிசம்பர் 2025

போன வருஷம் அல்ல என்று யாரும் சொல்வதற்குள்: 2024. ஆம், போன வருஷம்தான். பயந்துவிட்டேன்.

11 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். வாங்கவில்லையாம். விற்பவரின் தங்கை மலேசியாவிலிருந்து ஃபோன் செய்து என் பங்கு எங்கே என்று கேட்டிருக்கிறாள். வயலுக்குப் பதிலாக மாமனாரின் வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுத்தாராம். ஊரில் இப்போது அவருக்கு ஏக மரியாதை. கூரைக்குப் பத்திரம் தேவையில்லை, சரி.

நாங்கள் கெடுவுக்குள் ஓடுகிறோம். மாமியாரின் பாத்தோக்கை ஒட்டுமொத்தப் பதிவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஊர் அளவில் செய்கிற ஆயத்தச் செலவு ஜாவாவில் துண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபியாதான். அளக்கும்போது நாலு பக்கத்துக்காரரும் வந்து எல்லையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

24 ஜனவரி 2026

இன்று அளந்தார்கள். 1,912 சதுர மீட்டர். லெத்தர் சேயில் 2,050.

138 எங்கே போனது என்று மாமியாரிடம் கேட்டேன். கிழக்கு வரப்பைக் கண்ணால் காட்டினார். ஒவ்வொரு போகத்துக்கும் மண்வெட்டியால் ஒரு விரல்கடை சீவினால் நாற்பது வருஷத்தில் அவ்வளவு வரும். கிழக்கு வயல்காரர் கையெழுத்துப் போட வந்திருந்தார், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வறுத்த மரவள்ளி தின்றுகொண்டிருந்தார். ஏன் இபு, இப்போதாவது சொல்லக்கூடாதா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"ருவா மாதத்தில் அவர் பேத்தி கல்யாணம். நான் ரெவாங் போகணும். உன்னையும் டீக்குக் கேட்டிருக்கிறார்."

சாட்சி ஒருவர் குறைகிறார் என்றதும் பேனாவை எடுத்தேன். அளக்க வந்த பையன் என் முகத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், "பாக் வேண்டாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே போய் இன்னும் இரண்டு நாற்காலி எடுத்து வந்து போட்டேன்.